சத்தம் போடாத சேலை

மூன்று நாளாகியும் அந்தச் சேலையை விட்டுப் பாச்சை உருண்டை வாசம் போகவில்லை.

முதல் நாள் மொட்டைமாடியில் நிழலில் காயப்போட்டாள் சபிதா. இரண்டாம் நாள் வேப்பிலையும் எலுமிச்சைத் தோலும் இடையில் வைத்து மடித்தாள். மூன்றாம் நாள் முகர்ந்து பார்த்தபோது பாச்சை உருண்டை, வேப்பிலை, எலுமிச்சை மூன்றும் சண்டை சச்சரவில்லாமல் ஒரே சேலைக்குள் குடியிருந்தன. அடுத்த அறையில் இருந்தபடியே அவள் கணவன் ஆண்ட்ரூஸ் நான்கு முறை தும்மினான்.

“யாரு சேலை இது? செத்துப்போனவிய சேலையா?”

“வாயக் கழுவுங்க. ஓட்டப்பிடாரம் பெரியம்மா குடுத்தது. அவிய நல்லாத்தான் இருக்காவ.”

பெரியம்மா முப்பது வருஷம் பம்பாயில் நர்ஸாக இருந்தவர். இப்போது மகனோடு பெங்களூருக்குப் போகிறார். போகிற அவசரத்தில் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து, “ஏட்டி, இதையெல்லாம் கரித்துணிக்கு வச்சுக்கோ” என்று சபிதாவின் கையில் அள்ளிக் கொடுத்துவிட்டார். பதினோரு வாயில் சேலைகள், மெல்லிசான பருத்தி. ஐம்பது வருஷத்துக்கு முந்தியவை. கூடவே முகத்தில் பாதியை மூடுகிற ஒரு பழுப்புக் கூலிங் கிளாஸ்.

போன வருஷமாக இருந்தால் சபிதாவும் அவற்றைக் கிழித்து அடுப்பங்கரையில் போட்டிருப்பாள். ஆனால் ஜூன் மாதம் மகள் பாளையங்கோட்டை ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். சபிதாவுக்கு நேரம் மிஞ்சியது. கையில் போனும் இருந்தது. ரெண்டும் சேர்ந்தால் என்ன ஆகுமோ அது ஆனது. சென்னைக்காரப் பெண் ஒருத்தி தினம் ஒரு வீடியோ போட்டாள். அவள் வீட்டில் வெள்ளைச் சுவர், ஒரு மண்பானை, ஒரே ஒரு செடி, வேறு எதுவும் கிடையாது. அந்தச் செடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அவள் தாழ்ந்த குரலில் பாடம் நடத்துவாள். பழைய துணி ஒன்றே ஒன்று உடுத்தலாம். மற்றதெல்லாம் சாதாரணமாக இருக்க வேண்டும். சேலை சத்தம் போடக் கூடாது.

சபிதா பீரோவைத் திறந்து பார்த்தாள். உள்ளே முப்பத்தெட்டுச் சேலைகள் ஒரே நேரத்தில் கத்தின. கிளிப்பச்சை, ராணிக்கலர், மயில்கழுத்து, கல் வைத்தது, ஜரிகை போட்டது, ரெண்டும் வைத்தது. அவளைக் குறை சொல்லவும் முடியாது. ரோட்டின் அந்தப் பக்கத்திலிருந்து கண்ணில் படாத சேலையைக் கோவில்பட்டியில் யாரும் சேலைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

“இதுக்குப் பேரு விண்டேஜ்,” என்றாள் ஆண்ட்ரூஸிடம். “ஆனா விண்டேஜ்னு பாத்ததும் தெரியக் கூடாது. தெரிஞ்சவியளுக்கு மட்டும் தெரியும்.”

“நம்ம ஊர்ல தெரிஞ்சவிய யாரு இருக்கா?”

“நான் இருக்கேன்லா.”

“நீ உடுத்துனத நீயே பாத்துக்கிடதுக்கு நான் எதுக்குட்டி தும்மணும்?”

ஆண்ட்ரூஸுக்கு எட்டயபுரம் ரோட்டில் டயர் கடை. ரப்பர் வாசத்தில் இருபது வருஷம் வளர்ந்த மூக்கு அது. அதற்கே தாங்கவில்லை. கடைசியில் யோசனை சொன்னதும் அவன்தான். சனிக்கிழமை கடம்பூரில் அவன் கூட்டாளி புதுக்கடை திறக்கிறான். பைக்கில் காற்றோட்டமாகப் போனால் வாசம் தானாகப் போய்விடும்.

சபிதாவுக்கு முழு நம்பிக்கை வரவில்லை. கிளம்புகிற நேரத்தில் ஒரு டப்பா முகப் பவுடரைச் சேலை மடிப்புகளில் கொட்டித் தேய்த்துக்கொண்டாள்.

மங்கின மஞ்சளில் பொடிப்பூப் போட்ட வாயில் சேலை. ஜாக்கெட்டுக்குப் பதிலாக ஆண்ட்ரூஸின் முழுக்கை வெள்ளைச் சட்டை. காலில் மகளுடைய கேன்வாஸ் ஷூ. இடுப்பு வரை தொங்குகிற பின்னலைச் சுருட்டிக் கழுத்தோரம் கொண்டை போட்டாள். நகை கிடையாது, பூ கிடையாது, உதட்டில் சாயம் கிடையாது. கண்ணாடியில் ரொம்ப நேரம் பார்த்தாள். சத்தமே இல்லை.

“எப்படி இருக்கு?”

ஆண்ட்ரூஸ் பதினாறு வருஷம் குடும்பம் நடத்தியவன். “ஏறு, நேரமாவுது,” என்றான்.

ஊரைத் தாண்டியதும் கரிசல் புழுதி முகத்தில் அறைந்தது. முன்னால் மக்காச்சோளம் ஏற்றின லாரி ஒன்று சருகைத் தூவிக்கொண்டே போனது. சபிதா முந்தானையைத் தலையில் போட்டு, கூலிங் கிளாஸை மாட்டிக்கொண்டாள். ரயில்வே கேட்டில் நின்றபோது தெரிந்த முகங்கள் ரெண்டு மூன்று திரும்பித் திரும்பிப் பார்த்தன. ஆண்ட்ரூஸ் தலையசைத்தான். யாரும் பதிலுக்கு அசைக்கவில்லை.

“வச்ச கண்ணு வாங்காமப் பாக்காங்க பாத்தீயளா,” என்று அவன் காதில் சொன்னாள் சபிதா.

கடம்பூரில் இறங்கி, பைக் கண்ணாடியில் பார்த்தபோதுதான் பவுடர் செய்த வேலை தெரிந்தது. காற்றில் பறந்ததெல்லாம் தலைமுடியில் வந்து உட்கார்ந்து, மாவு மில்லில் ஒரு நாள் முழுக்க வேலை பார்த்தவள் போல் இருந்தாள். தட்டித் துடைத்துக்கொண்டு விசேஷத்துக்குப் போனாள். திரும்புகிறபோது ஒரு பெட்டி போளி வாங்கினார்கள். பாச்சை உருண்டை வாசம் இப்போது போளிக்கும் ஏறியிருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சர்ச் வீட்டிலிருந்து ரெண்டு தெருதான். சாம்பல் நிறத்தில் மெல்லிய கரை போட்ட இன்னொரு வாயிலைக் கட்டிக்கொண்டு சபிதா நடந்தே போனாள். கோயிலாச்சே என்று கூலிங் கிளாஸையும் ஷூவையும் விட்டுவிட்டாள். பின்னலையும் வழக்கம்போலத் தொங்கவிட்டாள்.

வாசலிலேயே எஸ்தர்ராணி அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பெண்கள் சங்கத்துக்குச் செயலாளர் எஸ்தர்ராணி. ஊரில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் அந்த வீட்டுக்காரர்களுக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும்.

“சபிதா,” என்றாள். சேலையை முந்தானையிலிருந்து கொசுவம் வரை பார்த்தாள். கண் கலங்கியது. “இதையா உடுத்திட்டு வந்திருக்கே?”

“ஆமாக்கா. நல்லாருக்கா?”

“தைரியமா இரு. எல்லாம் சரியாயிரும்.”

பாடகர் வரிசையிலிருந்த பிரேமா, ஞானப்பாட்டை விட்டுவிட்டு ஆராதனை முழுக்க இவளையே பார்த்தாள். ஜெபத்தில் சபைப் போதகர் வேதமுத்து ஐயர், சபைத் தலைவர்களுக்காகவும் மழைக்காகவும் வேண்டிவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“தகப்பனே, வெளியே சொல்ல முடியாத பாரத்தோடு பழைய வஸ்திரத்தில் வந்து உட்கார்ந்திருக்கிற ஒரு சகோதரியைக் கண்ணோக்கும்.”

சபிதா கண்ணைத் திறந்து சுற்றிலும் பார்த்தாள். பழைய வஸ்திரத்தில் அவளைத் தவிர வேறு ஒரு சகோதரியும் இல்லை. மற்ற சகோதரிகள் எல்லாரும் மின்னிக்கொண்டிருந்தார்கள். அவர்களும் கண்ணைத் திறந்து அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை, பால் கொண்டுவருகிற சுடலையம்மாள் ஊற்ற வேண்டியதை ஊற்றிவிட்டு, கேட்காமலே இன்னொரு அரை லிட்டர் ஊற்றினாள்.

“எதுக்கு?” என்றாள் நைட்டியோடு நின்ற சபிதா.

“சும்மா குடி தாயி. உடம்புல தெம்பு இருந்தாத்தான் எதையும் எதுத்து நிக்க முடியும்.” சொல்லிவிட்டு, வீட்டுக்குள் பல் தேய்த்துக்கொண்டிருந்த ஆண்ட்ரூஸை ஒரு பார்வை பார்த்தாள். மாடு வாங்குகிறவர்கள் நோஞ்சான் மாட்டைப் பார்க்கிற பார்வை அது.

சபிதாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

“நாம நொடிச்சுப் போயிட்டோம்னு ஊரு நினைக்குது,” என்றாள்.

“ஒரு சேலையப் பாத்தா?”

“நல்ல சேலைக்குக்கூட வழியில்லன்னு நினைச்சுட்டாங்க. சிரிக்காதீங்க. அடுத்த வாரம் கமிட்டித் தேர்தல் வருதுல்லா. கடை மூடப்போற ஆளுன்னு பேராயிட்டா உங்களுக்கு யாரு ஓட்டுப் போடுவா?”

ஆண்ட்ரூஸின் சிரிப்பு பற்பசையோடு நின்றுபோனது. சபைக் கமிட்டியில் செயலாளர் பதவிக்காக ஆறு வருஷமாகக் காத்திருக்கிறான் அவன். எதிர்த்து நிற்கிறவர் ரிட்டயரான ஹெட்மாஸ்டர் ஞானதுரை. பதவி ஏற்கிற அன்றைக்குப் போடுவதற்காக ஒரு வெள்ளைச் சட்டை கூடத் தைத்து வைத்திருந்தான். அதைத்தான் சபிதா ஜாக்கெட்டாகப் போட்டுக்கொண்டு கடம்பூர் போய் வந்தாள்.

“அப்பம் இன்னைலருந்து பழையபடி உடுத்து,” என்றான்.

“அது எப்படி? பயந்து மாறுனா அவங்க நினைச்சது நிசம்னு ஆயிராது? விளக்கிச் சொன்னா ஆச்சு.”

எஸ்தர்ராணிக்குப் போன் போட்டாள்.

“அக்கா, நீங்க நினைக்கிற மாதிரி ஒண்ணும் இல்ல. இது நானா விரும்பி ஏத்துக்கிட்டதுதான். நமக்குத்தான் எப்பம் பாத்தாலும் புதுசு, புதுசுன்னு ஒரு மோகம். பழசுல இருக்குற மதிப்பு யாருக்கும் தெரியல.”

அந்தப் பக்கம் மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

“இந்த மனசு எத்தனை பேருக்குட்டி வரும்? ஆனா இது உனக்குத் தெரிஞ்சு என்ன செய்ய? அந்த மனுசனுக்குல்லா தெரியணும்.”

“அவியளுக்கு முதல்ல சங்கடமாத்தான் இருந்துச்சு. இப்பம் பழகிட்டாவ. நானும் ஊரு என்ன சொல்லும்னு பாக்குதில்ல. எனக்கு இது சந்தோசமா இருக்குக்கா. இன்னும் ஒம்பது இருக்கு.”

“ஒம்பதா!” என்று அலறினாள் எஸ்தர்ராணி. போன் கட்டாகிவிட்டது.

“என்ன சொல்லுதாவ?” என்று கேட்டான் ஆண்ட்ரூஸ்.

“ஒம்பது சேலையும் பழசான்னு அதிர்ந்து போயிட்டாவ. நான் சொல்லச் சொல்ல நாம ரொம்பக் கஷ்டத்துல இருக்கோம்னுதான் நினைக்காவ. வாய்ப்பேச்சுக்கு வேலையில்ல. கண்ணால காட்டணும்.”

“எத?”

“நாம சந்தோசமா இருக்கோங்கிறத.”

புதன்கிழமை சாயந்தரம் காட்டினார்கள். காவிக்கலரில் வெள்ளைப் புள்ளி போட்ட வாயில், மறுபடியும் ஒரு டப்பா பவுடர், கொண்டை, கூலிங் கிளாஸ், ஷூ. மார்க்கெட் ரோடு, பஸ் ஸ்டாண்டு, பார்க் என்று கூட்டமுள்ள இடமாகப் பார்த்து ஆண்ட்ரூஸ் வண்டியை மெதுவாக விட்டான். சபிதா அவன் தோளில் கையைப் போட்டுக்கொண்டாள்.

“பதினாறு வருசமாக் கம்பியத்தான புடிச்சே. இன்னைக்கு என்ன தோள்ல?”

“சிரிங்க. சிரிச்சுக்கிட்டே ஓட்டுங்க.”

ஆண்ட்ரூஸ் சிரித்தான். ஏற்கனவே அவனுக்குக் கொஞ்சம் எடுப்பான பல். சிரித்துக்கொண்டே ஓட்டினதில் ரெண்டு கொசு உள்ளே போனது.

மிட்டாய்க் கடை வாசலில் வண்டியை நிறுத்தி ஒரே கிளாஸ் ரோஸ்மில்க்கில் ரெண்டு ஸ்ட்ரா போட்டுக் குடித்தார்கள். அதுவும் சபிதாவின் ஏற்பாடு. நொடித்துப்போனவர்கள் ரெண்டு ஸ்ட்ரா போட்டுக் குடிக்க மாட்டார்கள் என்பது அவள் கணிப்பு. ரோட்டின் எதிர்ப் பக்கத்தில் ஹெட்மாஸ்டர் ஞானதுரை குடையோடு போனார். ஆண்ட்ரூஸ் கையை ஆட்டினான். அவர் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

அவருக்குப் பின்னால் ஓர் ஆட்டோ வந்து நின்றது. உள்ளே பாடகர் வரிசைப் பிரேமா. இவர்களைப் பார்த்தாள். போனை எடுத்தாள். பெரிதாக்கிப் பெரிதாக்கி நாலைந்து படம் எடுத்தாள். பிறகு வெளியே தலையை நீட்டித் தூவென்று துப்பிவிட்டு, ஆட்டோவைப் போகச் சொன்னாள்.

“வாயில மண்ணு போயிருக்கும்,” என்றாள் சபிதா. “போட்டோ எடுத்துட்டுல்லா போறா! பாருங்க, அடுத்த வாரம் அவளும் இதே மாதிரி உடுத்திட்டு வருவா.”

வெள்ளிக்கிழமை காலை ஒரு வேன் வந்து வாசலில் நின்றது. பெண்கள் சங்கத்திலிருந்து எஸ்தர்ராணியும் பிரேமாவும் வேறு ஐந்து பேரும் இறங்கினார்கள். கடைசியாக வேதமுத்து ஐயர் இறங்கினார். சபிதாவுக்கு நைட்டியை மாற்றக்கூட நேரம் கிடைக்கவில்லை. ஏழு பேரும் சுற்றி உட்கார்ந்து, அவள் தலையில் ஏழு கையை வைத்து இருபது நிமிஷம் ஜெபித்தார்கள். ஜெபம் முடிந்ததும் எஸ்தர்ராணி ஒரு பையைப் பிரித்தாள்.

உள்ளே ஒரு சேலை இருந்தது. தங்கக் கலர். உடம்பு பூராவும் கல். முந்தானையில் ரெண்டு மயில், மயிலின் ஒவ்வொரு கண்ணிலும் ஒரு பெரிய சிவப்புக் கல். அதைக் கட்டிக்கொள்ளத் தனியாகக் கரண்ட் இணைப்பு வாங்க வேண்டும் போலிருந்தது.

“சங்கத்துல எல்லாருமாச் சேந்து எடுத்தோம்,” என்றாள் எஸ்தர்ராணி.

சபிதாவுக்கு மானம் போனது. தர்மச் சேலை! ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஏழை விதவைகளுக்குச் சேலை கொடுக்கிற வரிசையில் இவள் கொடுக்கிற பக்கம் நின்றவள்.

“அக்கா, எங்க வீட்ல சேலைக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல!” என்று ஓடிப்போய் பீரோவைத் திறந்து காட்டினாள்.

முப்பத்தெட்டுச் சேலைகளும் கூட்டத்தைப் பார்த்ததும் உற்சாகமாகக் கத்தின. எஸ்தர்ராணி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

“இம்புட்டையும் உள்ள வச்சுப் பூட்டிட்டா, கந்தலச் சுத்திக்கிட்டு நடமாடுதே? உனக்கே உன் மேல வெறுப்பு வந்துட்டாட்டி?”

“வெறுப்பு இல்லக்கா, ரசனை.”

“வாயத் திறக்காத. பொம்பள பளிச்சுன்னு இருக்கணும். பிரேமா, சீப்பை எடு.”

ஏழு பேரும் அவளைப் பிடித்து உட்காரவைத்தார்கள். சுருட்டி வைத்த கூந்தலைப் பிரித்துப் பின்னினார்கள். ஒருத்தி முகத்தில் ஏதோ க்ரீமை அப்பினாள். இன்னொருத்தி நகத்துக்குச் சாயம் போட்டாள். சென்னைக்காரப் பெண் ரெண்டு மாதமாகச் சொல்லிக்கொடுத்த பாடம் அரை மணி நேரத்தில் அழிந்தது.

இதற்கிடையில் வேதமுத்து ஐயர் ஆண்ட்ரூஸை வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம்தான் மரம். தலையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த பிரேமாவின் கைக்குள் இருந்தபடியே சபிதாவால் எல்லாவற்றையும் கேட்க முடிந்தது.

“தம்பி, ரொம்ப வருஷமா நம்மளத் தாங்கிக்கிட்டு வந்ததை, பழசாயிட்டுன்னு கழட்டி விட்டுறலாமா?” என்றார் ஐயர்.

ஆண்ட்ரூஸுக்குத் தொழில் பேச்சென்றால் கூச்சம் போய்விடும்.

“ஐயா, அப்படிப் பாவ புண்ணியம் பாக்கக் கூடாது. அம்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிட்டுன்னா கழட்டித்தான் ஆவணும். இல்லன்னா நடுவழில வெடிச்சிரும்.”

ஐயர் ஜன்னல் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

“இப்படியா தம்பி வெளிப்படையாச் சொல்லுவீங்க?”

“நான் எல்லார்ட்டயும் இதத்தான் சொல்லுதேன். உங்களுக்கும் மாத்தணும்னா சொல்லுங்க ஐயா. நம்ம சபைக்காரங்களுக்குன்னா நானே வந்து மாட்டிக் குடுத்துருவேன்.”

ஐயர் அங்கியைப் பிடித்துக்கொண்டு ரெண்டடி பின்னால் போனார். பிறகு மெதுவாக, ஆனால் உறுதியாகச் சொன்னார். “தம்பி, இந்த வருஷம் கமிட்டி வேண்டாம். முதல்ல குடும்பத்தப் பாருங்க. நான் ஒரு காகிதம் எழுதிட்டு வந்திருக்கேன். கையெழுத்துப் போடுங்க.”

ஆண்ட்ரூஸ் ஜன்னல் வழியாகச் சபிதாவைப் பார்த்தான். சபிதா, முகமெல்லாம் க்ரீமோடு, என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்தாள். அவன் கையெழுத்துப் போட்டான்.

அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது ஆண்ட்ரூஸ், “ஆறு வருசம்,” என்று சோற்றைப் பார்த்துச் சொன்னான். சபிதா எழுந்து போய் வாயில் சேலைகளை எல்லாம் தகரப் பெட்டியில் போட்டு மூடினாள். கூலிங் கிளாஸை மேலே வைத்து அமுக்கினாள். போனை எடுத்துச் சென்னைக்காரியின் வீடியோக்கள் இனி வராதபடி செய்தாள். அந்த வெள்ளைச் சுவருக்கு ஒரு சங்கம் வேனில் வந்து இறங்கியிருந்தால் தெரிந்திருக்கும் அவளுக்கு.

ஞாயிற்றுக்கிழமை தங்கக் கலர் சேலையைக் கட்டினாள். கல்லின் கனத்தில் இடுப்பில் நிற்கவில்லை. பதினான்கு இடத்தில் ஊக்குக் குத்தினாள். ரெண்டு சங்கிலி, ஆறு வளையல், உதட்டுச் சாயம் எல்லாம் போட்டுக்கொண்டு, ஆண்ட்ரூஸின் கையைப் பிடித்தபடி சர்ச்சுக்குள் நுழைந்தாள். மேல் ஜன்னலிலிருந்து விழுந்த வெயில் சேலையில் பட்டுத் தெறித்து, பாட்டுப் புத்தகம் வைத்திருந்தவர்களின் கண்ணைக் கூசவைத்தது.

எல்லா முகமும் மலர்ந்தது. எஸ்தர்ராணி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். பிரேமா பாட்டைக் கூட உரக்கப் பாடினாள். ஐயர் ஜெபத்தில், “உடைந்துபோக இருந்த ஒரு வீட்டைக் கட்டினீரே, ஸ்தோத்திரம்” என்றார். பிறகு, போட்டியில்லாமல் செயலாளரான ஞானதுரைக்காகவும் ஸ்தோத்திரம் சொன்னார். ஆண்ட்ரூஸ் குனிந்து ஷூ லேசைக் கட்டினான். அன்றைக்கு அவன் செருப்புத்தான் போட்டிருந்தான்.

பதவி போனது போனதுதான். ஆனாலும் சபிதாவுக்கு ஒரு நிம்மதி இருந்தது. நொடித்துப்போன குடும்பம் என்கிற பேர் ஒழிந்தது. நாலு பேர் முன்னால் தலை நிமிர்ந்து வந்தாயிற்று. இந்த ஊரில் கத்துகிற சேலைதான் காப்பாற்றும் என்று புரிந்துகொண்டாள்.

சாயந்தரம் சுடலையம்மாள் பால் கொண்டுவந்தபோது சபிதா இன்னும் அந்தச் சேலையில்தான் இருந்தாள். பதினான்கு ஊக்கில் நான்கு எங்கே குத்தினோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

சுடலையம்மாள் பால் கேனைக் கீழே வைத்துவிட்டு, கன்னத்தில் கை வைத்துப் பார்த்தாள்.

“இப்பம்தான் தாயி வீட்டுக்காரி மாதிரி இருக்கே. நேத்து வரைக்கும் உன்னையப் பாக்கப் பாக்க எனக்குச் சோறு எறங்கல.”

“எல்லாம் அந்தப் பழைய சேலையால வந்தது சுடலையம்மா,” என்று பெருமூச்சு விட்டாள் சபிதா. “நான் ஆசைப்பட்டு உடுத்துனேன். ஊரு பூரா வேற மாதிரிப் பேசிட்டு.”

“சேலையா?” சுடலையம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. “நீ கோணியச் சுத்திக்கிட்டு நின்னாலும் உன்னைய யாரு தாயி என்ன சொல்லப்போறா? ஊருக்கெல்லாம் ஆத்திரம் அண்ணாச்சி மேலதான்.”

“அவிய என்ன செஞ்சாவ?”

சுடலையம்மாள் உள்ளே ஒரு தரம் எட்டிப் பார்த்தாள். ஆண்ட்ரூஸ் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தான். அவள் கிட்டே வந்து, சபிதாவின் கையைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

“சின்னஞ்சிறுசா ஒருத்தியப் பாத்து மனசு தடுமாறியிருந்தாக்கூட ஆம்பளப் புத்தின்னு விட்டுறலாம், போயும் போயும், கூலிங் கிளாஸ் மாட்டுன அறுவது வயசு நரைச்ச கிழவி ஒருத்தியையா தாயி பைக்குல பின்னாடி வச்சுக்கிட்டு ஊரு பூரா சுத்துவாவ!”